அண்ணன் குரலில் ஒரு வேடம்

ஏல்கோ பூலன்ஸ் பிறந்த வீட்டில் நாடகம் என்ற பேச்சே எழுந்ததில்லை. சீட்டாட்டம், நடனம், நாடகம் மூன்றும் ஒரே சாக்கடையில் ஓடுபவை என்பது அந்த வீட்டாரின் நம்பிக்கை. குரோனிங்கன் மாகாணத்தின் வடகிழக்கு மூலையில், ஓஸ்டர்ஸெய்ல் என்ற ஊரில் அவர்கள் இருந்தார்கள். ஊருக்கு வெளியே வைக்கோலை அரைத்து அட்டை செய்யும் ஆலை. இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஆலைக் கழிவு கால்வாயில் கலந்து, அழுகிய முட்டை நாற்றம் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் தேவாலயம். போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் பெண்கள் கைப்பையைத் திறந்து பெப்பர்மிண்ட் மிட்டாயை வரிசை நெடுகக் கைமாற்றி விடுவார்கள். மிட்டாய் கரைந்த பிறகும் பிரசங்கம் நீளும்.

அப்பா ஆலையில் வேலை பார்த்து, மார்புச் சளியில் போய்ச் சேர்ந்தார். மூத்தவன் வுப்போ அப்பாவின் இடத்துக்குப் போனான். அடுத்தவள் ஹில்யா. கடைசிப் பிள்ளை ஏல்கோ.

வுப்போவுக்குச் சின்ன வயதில் திக்குவாய். பள்ளிக்கூட வாசலில் பையன்கள் அவனை மறித்து, பெயரைச் சொன்னால்தான் விடுவோம் என்பார்கள். அவன் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டு நிற்பான். அதை மாற்ற ஒரு வழியை அவனே கண்டுபிடித்தான். பேசுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பான். உள்ளங்கையைத் தொடையில் வைத்து, ஏதோ எழுந்து ஓடப் பார்ப்பதை அமுக்குவது போல அழுத்துவான். ஒரு வாக்கியம் முடிந்ததும் அதன் கடைசிச் சொல்லை இன்னொரு முறை மெதுவாகச் சொல்லி, அதில் காலூன்றி அடுத்த வாக்கியத்துக்குப் போவான். மாடியில் ஒரே கட்டிலில் படுத்த தம்பிக்குத்தான் இது முழுதாகத் தெரியும். போர்வைக்குள் அண்ணன் முணுமுணுத்துப் பழகியதைக் கேட்டபடி தூங்கிப் போனவன் அவன்.

அந்தப் பழக்கத்தின் துணையில் வுப்போ ஆளானான். ஃபென்னாவைக் கல்யாணம் செய்துகொண்டான், தேவாலயத்தில் மூப்பரும் ஆனான். போதகர் இல்லாத ஞாயிறுகளில் மூப்பர்களில் ஒருவர் எழுந்து நின்று, அச்சிட்ட பிரசங்கத்தை வாசிக்க வேண்டும். ஓஸ்டர்ஸெய்லில் அது வுப்போவின் வேலை. நிறுத்தி, கடைசிச் சொல்லை இரண்டாம் முறை சொல்லி அவன் வாசிப்பது ஒருவித கனத்தோடு இருக்கும். போதகர் வாசிப்பதைவிட இவன் வாசித்தால் மனதில் நிற்கிறது என்று சொன்ன கிழவிகள் உண்டு.

ஏல்கோ படிப்பில் கெட்டி. ஆசிரியர் பயிற்சிக்கென்று அனுப்பிவைத்தார்கள். யுத்தம் முடிந்த சூட்டில் அவன் அதை விட்டுவிட்டு ஆம்ஸ்டர்டாமில் நாடகப் பள்ளியில் சேர்ந்தான். அம்மா அழுதாள். வுப்போ சண்டை பிடிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அதுல பொய் சொல்லாம பொழைக்க முடியுமா... முடியுமா?"

முடியும் என்றான் ஏல்கோ. நாடகப் பள்ளியில் முதல் வாரமே பொய் தேவைப்பட்டது. வடக்கத்திக்காரர்கள் சொல்லின் வாலை விழுங்கிவிடுவார்கள். பேச்சு வகுப்பில் அவன் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா என்ன செய்தார் என்று யாரோ கேட்டபோது, "அட்டை ஆலை" என்று பாதியில் நிறுத்திக்கொண்டான். அவர்கள் அதை முதலாளி என்று எடுத்துக்கொண்டார்கள். அவனும் திருத்தவில்லை. நாக்கைச் சுரண்டிச் சுரண்டி ஊரை வெளியே தள்ளினான். இரண்டு வருடத்தில் அவன் பேச்சைக் கேட்டு அவன் எந்த ஊர்க்காரன் என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிற்று.

ஒரு முறை வுப்போ ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தான். தம்பி படிக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டு, கையில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. ஏல்கோ ரயில் நிலையத்துக்கே போய் அவனை எதிர்கொண்டான். நிலையத்துச் சாப்பாட்டுக் கடையிலேயே உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தான். இன்றைக்குப் பள்ளி மூடியிருக்கிறது என்றான். வுப்போ ஜன்னல் வழியாக டிராம்களைப் பார்த்தான், அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னான், அடுத்த வண்டியில் ஏறிக்கொண்டான். அன்று பள்ளி திறந்துதான் இருந்தது. ஏல்கோ மூட்டையை வீட்டுக்காரியிடம் தள்ளிவிட்டு மத்தியான வகுப்புக்கு ஓடினான். அந்த வாரம் முழுக்க அந்தக் கிழங்கு வேகும் வாசனை மாடிப்படி ஏறி அவன் அறைக்குள் வந்துகொண்டே இருந்தது.

படிப்பு முடிந்து ஒரு குழுவில் இடம் கிடைத்தது. ஊர் ஊராகப் பேருந்தில் போய் நாடகம் போடும் குழு. குழுவின் தலைவரும் இயக்குநரும் ஃபால்கனீர் என்ற பருத்த மனிதர். எந்நேரமும் மூக்குக் கண்ணாடியை எங்கேயாவது தொலைத்துவிட்டுத் தேடுகிறவர். அந்தக் குழுவில் ஏல்கோ கதவு திறக்கும் வேலைக்காரன், ஓலை கொண்டுவரும் தூதன், பின்னால் ஈட்டி பிடித்து நிற்பவன் என்று வருடக்கணக்கில் காலம் தள்ளினான். கூட நடித்த ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான், அது நிலைக்கவில்லை. முப்பத்தைந்தை நெருங்கும்போது பெயர் சொல்ல ஒரு வேடம் இல்லை.

அப்போது ஃபால்கனீர் ஒரு சிரிப்பு நாடகத்தை எடுத்தார். வேலித் தகராறுக்காக வக்கீலைப் பார்க்கப் பட்டணம் வரும் கிரேலிஸ் என்ற குடியானவனை, வக்கீல் வீட்டார் மகளைப் பெண் பார்க்க வந்த பிரபு என்று தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். இதுதான் கதை. கிரேலிஸாக நடிக்க வேண்டியவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட, வேடம் ஏல்கோவுக்கு வந்தது. வந்ததே தவிர, உயிர் வரவில்லை. ஒத்திகைக்கு ஒத்திகை ஃபால்கனீரின் முகம் சுருங்கியது.

"மரச்செருப்பு போட்டிருக்க. ஆனா அதுல சேறே இல்லயேப்பா," என்றார் ஒரு நாள். வேறு ஆளைத் தேடப்போகிறார் என்று குழுவுக்குள் பேச்சு அடிபட்டது.

மறுநாள் ஒத்திகையில் ஏல்கோ மூச்சை உள்ளே இழுத்தான். உள்ளங்கையைத் தொடையில் வைத்து அழுத்தினான். "வேலி நகரல... நகரல. நகந்தது உங்க காகிதம்... காகிதம்," என்றான். அவ்வளவு பாடுபட்டு வெளியே தள்ளிய ஊர்ப் பேச்சு கூப்பிட்டவுடன் திரும்பி வந்து நாக்கில் உட்கார்ந்தது. திரைக்கு ஓரத்தில் வசனம் எடுத்துக் கொடுக்கிற பெண்மணி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஃபால்கனீர் சிரித்து இருமி, எங்கேயடா இந்த ஆளைப் பிடித்தாய் என்று கேட்டார். சும்மா தோன்றியது என்றான் ஏல்கோ.

நாடகம் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஹார்லெம், உட்ரெக்ட், பிரேடா என்று எங்கே போனாலும் அரங்கு நிறைந்தது. மனிதர்களை இவ்வளவு உற்றுக் கவனிக்கும் நடிகன் அபூர்வம் என்று பத்திரிகைகள் எழுதின. அது உண்மைதான். ஊருக்குப் போகும்போதெல்லாம் இப்போது அவன் வேறு கண்ணோடு போனான். வுப்போ கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்து மறுபடி சதுரமாக மடிப்பது, யாராவது பெரிய மனிதர் எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றி விளிம்பைச் சுற்றிக்கொண்டே நிற்பது, பதில் தெரியாத கேள்விக்குக் கூரையைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்து வந்து மேடையில் வைத்தான். வைத்ததெல்லாம் சிரிப்பாக விளைந்தது. அவ்வப்போது உறுத்தியது. அவர்கள் நாடகக் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஜனங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று சமாதானம் செய்துகொண்டான்.

அந்த வருடம் அம்மா இறந்தாள். குழிக்கரையில் வுப்போ எல்லோருக்காகவும் ஜெபத்தைச் சொன்னான். பாதியில், அன்றாட ஆகாரத்தைக் கேட்கும் இடத்தில், அவனுடைய பழைய திக்கல் திடீரென்று எழுந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டது. வாய் திறந்தபடி, தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு, காற்றில் கோட்டு படபடக்க நின்றான். பிறகு எப்படியோ அந்தச் சொல்லைத் தாண்டி முடித்தான். ஏல்கோ கண்ணீர் வழியப் பக்கத்தில் நின்றிருந்தான். அடுத்த வாரமே, வக்கீலின் மனைவி கிரேலிஸைச் சாப்பிட அழைக்கும் காட்சியில், அந்த நிற்றலை அப்படியே வைத்தான். திறந்த வாய், தொடையில் கை. நாடகத்திலேயே பெரிய சிரிப்பு அந்த இடத்துக்குத்தான் விழுந்தது. எங்கிருந்து வந்தது என்று தனக்கு மட்டுமே தெரியும் என்று அவன் நினைத்தான்.

பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். நாடகம் முழுவதையும் அரங்கிலேயே படம் பிடித்து, ஒரு சனிக்கிழமை மாலை நாடெங்கும் காட்டினார்கள். ஏல்கோவைத் தெருவில் நிறுத்திக் கை குலுக்கினார்கள். ரொட்டிக் கடையில் வரிசையை விலக்கி வழிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு ஓஸ்டர்ஸெய்லின் நினைப்பே வரவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது.

சில வாரங்கள் கழித்து ஸ்வோல்ல நகரில் மத்தியான ஆட்டம் முடிந்து ஒப்பனை அறைக்கு வந்தபோது, உள்ளே ஹில்யா உட்கார்ந்திருந்தாள். மழைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாடகக் கொட்டகைக்குள் அவள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. சுவரில் மாட்டியிருந்த பொய் முடிகளைப் பார்க்காமல் மடியையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

அந்தச் சனிக்கிழமை ரொட்டிக்காரர் தாம்மோ, தன் வீட்டில் பெட்டி இருப்பதால் எல்லோரையும் அழைத்திருந்தார். உன் தம்பி வருகிறானாம் என்று வுப்போவுக்குத் தனியாகச் சொல்லி அனுப்பினார். கொட்டகைக்குப் போவதுதானே தப்பு, பெட்டியைப் பற்றிச் சபை ஒன்றும் சொல்லவில்லையே என்று வுப்போ கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். முன் வரிசையில் அவனுக்கு இடம் போட்டார்கள். கிரேலிஸ் முதல் வாக்கியம் பேசியதும் கூடத்தில் அமைதி. இரண்டாவது வாக்கியத்துக்கு யாரோ தும்முவது போலச் சிரித்தார்கள். அப்புறம் அடக்க முடியவில்லை. வுப்போ கடைசி வரை உட்கார்ந்திருந்தான். காபிக்கு நன்றி சொல்லிவிட்டு, ஃபென்னாவுக்கும் காத்திராமல் முன்னால் நடந்து போனான்.

திங்கட்கிழமை ஆலையில் ஆரம்பித்துவிட்டது. சூப் சூடாக இருக்கிறது, இருக்கிறது என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் தொடையில் கையை அழுத்திக்கொண்டார்களாம். அதையெல்லாம் வுப்போ பொருட்படுத்தவில்லை. அடுத்த ஞாயிறு போதகர் இல்லை. வுப்போ வாசிக்க எழுந்து, மூச்சை இழுத்து, கையைத் தொடைக்குக் கொண்டுபோனான். மேல்மாடத்தில் இளவட்டங்களின் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. சின்னச் சிரிப்புதான். வுப்போ கையை எடுத்துவிட்டான். அந்தப் பிரசங்கம் முழுவதையும் கையை அழுத்தாமல், எந்தச் சொல்லையும் இரண்டாம் முறை சொல்லாமல் வாசித்தான். சிறுபிள்ளையில் திக்கியது போலவே திக்கினான். வரிக்கு வரி சிக்கி, வியர்த்து, கடைசி வரிவரைக்கும் வாசித்து முடித்தான். ஜனங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே சபையாரிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

"இப்ப வீட்டுலயும் சாப்பாட்டுக்கு அப்புறம் வேதம் வாசிக்கறது ஃபென்னாதான்," என்றாள் ஹில்யா.

ஏல்கோ ஒப்பனைத் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். யாரையும் நோகடிக்க நினைக்கவில்லை, அது வெறும் வேடம் என்று தொடங்கினான்.

"உன்னைத் திட்ட நான் வரல ஏல்கோ. தாம்மோ வீட்டுல நானும்தான் சிரிச்சேன். வுப்போ பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு. அத எங்க போயி சொல்றதுன்னு தெரியல. அதான் வந்தேன்."

பேசி முடித்துவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒரு ரொட்டித் துண்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். திராட்சை போட்ட ரொட்டி. ஊரில் விருந்தாளியாகப் போனால் வெறுங்கையோடு போவதில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

அன்று மாலை ஆட்டத்தில் ஏல்கோ குரலை மாற்றினான். மூச்சு இழுக்கவில்லை, கை தொடைக்குப் போகவில்லை. பட்டணத்து நடிகன் குடியானவனாக நடிப்பது போல நடித்தான். முதல் அங்கத்தில் ஆங்காங்கே சிரிப்பு வந்தது. இரண்டாம் அங்கத்தில் அதுவும் இல்லை. சாப்பாட்டுக் காட்சியில் அரங்கில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் மேடை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. இடைவேளையில் ஃபால்கனீர் வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். தலைவலி என்றான்.

அண்ணன் வியர்க்க வியர்க்க வாசித்ததை மத்தியானம் கேட்டபோது அவனுக்கு வலித்தது. ஆனால் அன்று ராத்திரி அவனைத் தூங்க விடாமல் செய்தது அந்த இருமல். இதை அவன் பின்னாளில்கூட யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை டெவென்டரில் திரை விலகியதும், எந்த முடிவும் எடுக்காமலே, மூச்சை உள்ளே இழுத்தான். உள்ளங்கை தானாகப் போய் உட்கார்ந்தது. அரங்கு அதிர்ந்தது. ஆட்டம் முடிந்து மற்றவர்களோடு நின்று எண்ணெயில் பொரித்த சூடான குரோக்கெட்டைக் கடுகுச் சாற்றில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தான் சந்தோஷமாக இருப்பதை ஏல்கோ கவனித்தான். வாயிலிருந்ததை விழுங்க முடியாமல் காகிதத்தில் துப்பினான். பின்னும் அந்தக் குளிர்காலம் முடியும்வரை கிரேலிஸாகவே நடித்தான்.

வசந்தத்தில்தான் ஊருக்குப் போகத் துணிவு வந்தது. வுப்போ வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தான். ஏல்கோவைப் பார்த்ததும் நிமிர்ந்து தலையாட்டிவிட்டு, மறுபடி குனிந்துகொண்டான். ஏல்கோ பட்டணத்துச் செருப்போடு வரப்பில் நின்றான். ரயிலில் தயார் செய்து வந்த பேச்சு எல்லாம் வரிவரியாக மனப்பாடமாக இருந்தது. அதனாலேயே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"கே... கேக்கணும்னு இருந்தேன்," என்றான் வுப்போ. கை மண்வெட்டியைப் பிடித்திருந்தது, தொடைக்குப் போகவில்லை. "அம்மாவ பொ... பொதச்ச அன்னைக்கு நான் நின்னுட்டேன்ல. அதுவும் அதுல வந்துச்சு. அப்ப நீ அழுதுட்டிருந்தியா, இல்ல பா... பாத்துட்டிருந்தியா?"

ஏல்கோ பொய் சொல்லத் தெரிந்தவன்தான். அழுதேன் என்று சொல்லியிருக்கலாம், வுப்போ நம்பியிருப்பான்.

"ரெண்டும்," என்றான்.

வுப்போ ஒரு கிழங்கைக் குழியில் வைத்து, முளை மேலே பார்க்கிறதா என்று சரிபார்த்து, மண்ணைத் தள்ளினான்.

"சரி. அழுதிருக்க."

அந்த வேடத்தை விட்டுவிடுகிறேன் என்றான் ஏல்கோ. எனக்காக விட வேண்டாம், விட்டாலும் எனக்கு அது திரும்பி வராது என்றான் வுப்போ. கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் கிழங்கு அழுகும் என்று சொல்கிற தொனியில் சொன்னான். பிறகு கூடையைத் தம்பி பக்கம் நகர்த்தினான். இருவரும் அந்த வரிசையை முடித்தார்கள். ஏல்கோவின் செருப்பு பாழானது. உள்ளே போனபோது ஃபென்னா காபி கொடுத்தாள், பக்கத்தில் ஒரு பிஸ்கட் வைத்தாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவள்தான் வேதத்தை எடுத்து வாசித்தாள். வுப்போ கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டான்.

கிரேலிஸை ஏல்கோ விட்டான். ஃபால்கனீர் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார், கடைசியில் யோஸ்ட் என்ற இளைஞனை அந்த இடத்துக்குப் போட்டார். யோஸ்ட் சாமர்த்தியசாலி. திரைக்கு ஓரத்தில் நின்று ஏல்கோவைப் பல முறை பார்த்திருந்தான். மூச்சு, கை, இரண்டாம் தடவைச் சொல் எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் கூட்டியும் செய்தான். இது வேண்டாம், வேறு மாதிரி செய் என்று ஏல்கோ அவனைக் கேட்டுப் பார்த்தான். ஏன் என்று யோஸ்ட் கேட்டதற்கு, அண்ணன் பெயரை எடுக்காமல், சும்மாதான் என்றான்.

"உங்க சொத்தா இது? எழுதி வாங்கியிருக்கீங்களா?" என்று யோஸ்ட் சிரித்தான்.

அதற்குப் பிறகு அது யாருடைய கையிலும் நிற்கவில்லை. ஊர்களில் பொழுதுபோக்காக நாடகம் போடுகிறவர்கள் எல்லாம் கிரேலிஸைப் போட்டார்கள். குடியானவன் வேடம் என்றாலே கடைசிச் சொல்லை இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது தெற்குக் கோடி வரைக்கும் வழக்கமாயிற்று. ஒரு நாள் ரயிலில் எதிரே இரண்டு வியாபாரிகள் அந்தக் குரலில் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு போனார்கள். ஏல்கோ மூன்று நிலையங்களுக்கு முன்னாலேயே இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருந்தான்.

கிரேலிஸ் இல்லாத ஏல்கோவைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கவில்லை. மறுபடி கதவு திறக்கிற வேலைக்காரனானான். நாடகமென்றால் இப்படி இல்லை என்று புதுப் பிள்ளைகள் கிளம்பிய காலத்தில் ஃபால்கனீரின் குழு கலைந்தது. ஏல்கோவுக்குக் கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களை நாடாவில் வாசித்துப் பதிவு செய்யும் வேலை கிடைத்தது. ஒரு சிறிய அறை, ஒரு மேஜை விளக்கு, ஒலிவாங்கி. பாத்திரங்களுக்குக் குரல் மாற்றி வாசிக்கலாமே என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அவன் எல்லோரையும் ஒரே குரலில்தான் வாசித்தான். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத குரல். அது போதுமென்று கேட்பவர்களும் சொன்னார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை வுப்போவின் பிறந்தநாளுக்குப் போவான். ஃபென்னாவுக்கு மனம் இளகப் பல வருடங்கள் பிடித்தன. வுப்போவின் அறுபதாவது பிறந்தநாளன்று கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. வந்தவர்கள் வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, பிறந்தநாள்காரருக்கு வாழ்த்து, அண்ணியாருக்கு வாழ்த்து, தங்கைக்கு வாழ்த்து என்று சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். ஆப்பிள் கேக் வந்தது. வுப்போவின் இளைய மகளுக்கு நிச்சயமான பையன் அந்த மாகாணத்தைச் சேர்ந்தவன் அல்ல. நல்ல பையன், விவரம் தெரியாதவன். சின்ன வயதில் பெட்டியில் பார்த்திருக்கிறேன், நீங்கள்தானே அந்தக் கிரேலிஸ், ஒரு வரி செய்து காட்டுங்களேன் என்று ஏல்கோவிடம் ஆசையாகக் கேட்டான்.

கூடத்தில் கரண்டிகள் நின்றன. மகள் அவன் முழங்கையைக் கிள்ளினாள். ஏல்கோ தட்டைப் பார்த்துக்கொண்டு, மறந்துவிட்டது என்றான்.

"எனக்கு மறக்கல," என்றான் வுப்போ.

நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தான். தொப்பி இல்லாததால் கேக் தட்டின் விளிம்பைப் பிடித்துச் சுற்றினான். மூச்சை உள்ளே இழுத்தான். அளவுக்கு மேல் இழுத்துவிட்டான். தொடையில் படீரென்று அறைந்தான். "வேலி நகரல... நகரல. நகந்தது..." என்று சொல்லி, அந்த இடத்தில் உண்மையாகவே சிக்கிக்கொண்டான். வாய் திறந்தபடி நின்றான். வுப்போ சுற்றிப் பார்த்தான், அவன் தோள் குலுங்கியது, அவனே முதலில் சிரித்தான். பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். ஃபென்னா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹில்யா சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது.

ஏல்கோ மட்டும் சிரிக்கவில்லை. காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். தனியாக நின்று அழுதாலும், அந்த அழுகையையே எங்கே உற்றுக் கவனிக்கத் தொடங்கிவிடுவோமோ என்று அவனுக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை. கொஞ்ச நேரத்தில் வுப்போ வந்தான்.

"ஏன், ந... நல்லா இல்லயா?"

"கொஞ்சம் மிகையாப் போச்சு, வுப்போ."

"உன்கிட்ட கத்துக்கிட்டதுதான்டா," என்று சொல்லிவிட்டு, காபிக் கெட்டிலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினான் வுப்போ.

அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. சபையார் பலமுறை கேட்டும் வுப்போ தேவாலயத்தில் வாசிக்க மறுபடி எழவே இல்லை. அவன் இறக்கும் வரை வீட்டிலும் ஃபென்னாதான் வாசித்தாள். ஏல்கோ அண்ணனுக்குப் பிறகு ஆறேழு வருடங்கள் இருந்தான். ஹில்யாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கறிகாய்ப் பாத்தி போட்டான், உருளைக்கிழங்கு நட்டான். கடையிலோ தெருவிலோ யாராவது அவனோடு பேச ஆரம்பித்தால் அவன் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டான். தரையையோ, கையிலிருக்கும் பையையோ பார்த்துக்கொண்டு பதில் சொல்வான். பழைய நடிகனின் திமிர் இன்னும் போகவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவன் காதிலும் விழுந்தது. அவன் மறுக்கவில்லை.